லிஃப்ட் ஓடும்போது யாரும் நன்றி சொல்வதில்லை

பத்து மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் வருடத்துக்கு 363 நாள் ஒழுங்காக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 363 நாளும் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மீதி இரண்டு நாள் நின்றுபோகிறது. அந்த இரண்டு நாளைப் பற்றி வருடம் முழுக்கப் பேச்சு. கட்டடப் பராமரிப்பில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இந்தப் புலம்பல் வரும். புலம்பல் என்று தள்ளிவிட முடியாது, இந்தத் தொழிலின் சிக்கலே அதுதான். வேலை நன்றாக நடந்தால் கண்ணில் படாது. கண்ணில் படாத வேலையால் ஒருவரை எப்படித் திருப்திப்படுத்துவது? திருப்திப்பட்டாலும், அடுத்த ஒப்பந்தத்துக்கு அவர் நம்மையே கூப்பிடுவார் என்று எதை வைத்துச் சொல்வது?

ஃபெசிலிட்டி மேனேஜ்மென்ட் என்பதைத் தமிழில் வசதி மேலாண்மை என்று எழுதுகிறார்கள். ஹவுஸ்கீப்பிங், ஏ.சி., லிஃப்ட், மின்சாரம், தண்ணீர், செக்யூரிட்டி, வரவேற்பு மேசை, கேன்டீன், யார் எந்த மாடியில் உட்காருவது என்ற திட்டம் எல்லாமே இதற்குள் அடக்கம். சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐ.எஸ்.ஓ. 2017-ல் வெளியிட்ட 41011 என்ற தரநிலை இதற்கு ஒரு வரையறை தருகிறது. மனிதர், இடம், செயல்முறை ஆகிய மூன்றையும் ஒருங்கிணைத்து, அங்கே புழங்குபவர்களின் வாழ்க்கைத் தரத்தையும் நிறுவனத்தின் மையத் தொழிலின் உற்பத்தித் திறனையும் உயர்த்தும் பணி என்கிறது அது. அடுத்த ஆண்டே, இதற்கான மேலாண்மை முறை எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும் 41001 வந்தது. வரையறை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹெல்ப் டெஸ்க்குக்கு வரும் அழைப்பில் வாழ்க்கைத் தரம் என்ற சொல் ஒருநாளும் வராது. "மூன்றாம் மாடியில் தண்ணீர் சொட்டுகிறது, ஆளை அனுப்புங்கள்" என்றுதான் வரும்.

யார் வாடிக்கையாளர்?

ஹோட்டலில் சாப்பிடுபவர்தான் பணம் கொடுக்கிறார். பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை வேறு இடம் போய்விடுவார். திருப்தி, தரம், விசுவாசம் மூன்றும் ஒரே ஆளுக்குள் நடக்கும் கதை அது. கட்டடப் பராமரிப்பில் இந்தக் கதை மூன்று பேருக்குப் பிரிந்துவிடுகிறது. 2006 முதல் வெளிவந்த ஐரோப்பியத் தரநிலை வரிசையான 15221 இதைத் தெளிவாகவே பிரித்தது. தேவையைத் தீர்மானித்து ஒப்பந்தம் போடும் நிறுவனம் ஒன்று. அந்த ஒப்பந்தத்துக்குள் பணிகளைக் கேட்டு வாங்கும் துறை இன்னொன்று. சேவையை நேரடியாக அனுபவிக்கும் பயனர் மூன்றாவது.

மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சுத்தம் செய்யும் நிறுவனத்தை மாற்றும் அதிகாரம் கிடையாது. அதிகாரம் உள்ளவரோ வேறு ஊரில், வேறு கட்டடத்தில் இருக்கலாம். அவர் இந்தக் கழிவறைக்குள் ஒருமுறைகூட நுழைந்திருக்க மாட்டார். இருவரின் விருப்பமும் பல நேரம் எதிரும் புதிருமாக இருக்கும். பயனருக்கு அறை குளுகுளுவென்று இருக்கவேண்டும், ஒப்பந்தம் போட்டவருக்கு மின்கட்டணம் குறையவேண்டும். இரண்டையும் தீர்மானிப்பது ஒரே தெர்மோஸ்டாட். எனவே வாடிக்கையாளர் திருப்தி 82 சதவீதம் என்று ஒரு அறிக்கை சொன்னால், முதலில் கேட்கவேண்டியது யாருடைய திருப்தி என்றுதான். பெரும்பாலான அறிக்கைகளில் அதற்குப் பதில் இருக்காது.

தரத்தை எப்படி அளப்பது?

சேவைத் தரத்தைப் பற்றி யார் எழுதினாலும் சந்தையியல் ஆய்வாளர்களான பரசுராமன், ஜைத்தாம்ல், பெர்ரி மூவரிடமிருந்துதான் தொடங்குவார்கள். 1985-ல் வந்த அவர்களுடைய கட்டுரையின் கரு எளிமையானது: வாடிக்கையாளர் எதிர்பார்த்ததற்கும் தனக்குக் கிடைத்ததாக அவர் உணர்வதற்கும் இடையே உள்ள இடைவெளியே தரம். அந்த ஆய்வுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நான்கு சேவைகளில் வங்கி, கிரெடிட் கார்டு, பங்குத் தரகு ஆகியவற்றோடு பொருள்களைப் பழுதுபார்த்துப் பராமரிக்கும் சேவையும் இருந்தது. ஆக, நம் தொழிலுக்கு ஓரளவு சொந்தமான மாதிரிதான் அது. 1988-ல் அதை 22 கேள்விகள் கொண்ட அளவுகோலாக்கி, சர்வ்குவால் என்று பெயர் வைத்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்யும் நம்பகத்தன்மை, கூப்பிட்டால் உடனே வரும் சுறுசுறுப்பு, இவருக்கு வேலை தெரியும் என்ற உறுதி, நம் நிலைமையைப் புரிந்துகொள்ளும் பரிவு, சீருடை கருவி போன்ற வெளித்தோற்றம் என ஐந்து கூறுகள். ஐந்தில் நம்பகத்தன்மைக்குத்தான் மக்கள் அதிக எடை கொடுக்கிறார்கள் என்று அவர்களே திரும்பத் திரும்பக் கண்டார்கள்.

1992-ல் க்ரோனினும் டெய்லரும் இதை மறித்தார்கள். எதிர்பார்ப்பை எதற்குத் தனியாகக் கேட்கவேண்டும், சேவை எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டால் போதாதா என்பது அவர்கள் வாதம். பராமரிப்புத் தொழிலைப் பொறுத்தவரை என் ஓட்டு அவர்களுக்கே. கழிவறையைப் பற்றி யாருக்கும் முன்கூட்டிய எதிர்பார்ப்பு என்று ஒன்று மனதில் எழுதி வைக்கப்பட்டிருப்பதில்லை. அது அசுத்தமாக இருக்கும் நாளில்தான் நமக்கு ஒரு எதிர்பார்ப்பு இருந்ததே தெரியவருகிறது.

இன்னொரு பிரிவினை நடைமுறைக்கு மிகவும் உதவும். ஃபின்லாந்துக்காரரான க்ரோன்ரூஸ் 1984-ல் சொன்னது. என்ன கிடைத்தது என்பது தொழில்நுட்பத் தரம், அது எப்படிக் கிடைத்தது என்பது செயல்பாட்டுத் தரம். எலக்ட்ரீஷியன் வந்து பிளக் பாயின்ட்டைச் சரிசெய்துவிட்டார், அது முதலாவது. வந்தவர் யாரையும் கேட்காமல் மேசைக்கு அடியில் புகுந்தாரா, வேலை முடிந்ததும் குப்பையை அப்படியே விட்டுப் போனாரா, என்ன கோளாறு என்று ஒரு வாக்கியம் சொன்னாரா என்பதெல்லாம் இரண்டாவது. முதலாவதைச் சரிபார்க்கும் அறிவு பெரும்பாலான பயனர்களுக்கு இல்லை. வயரிங் நன்றாகச் செய்யப்பட்டதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் தெரிந்ததை வைத்துத் தெரியாததையும் மதிப்பிடுகிறார். மேசைமேல் கிடக்கும் வயர் துண்டுகள்தான் அவர் பார்வையில் வயரிங்கின் தரம். அநியாயம் என்று பொறியாளர்கள் சொல்வார்கள். சரி, அநியாயம்தான். ஆனாலும் மதிப்பெண் போடுபவர் அவர்தானே.

இப்போது லிஃப்ட் புலம்பலுக்குத் திரும்புவோம். ஜப்பானின் நோரியாகி கானோ 1984-ல் தரத்தை வகைப்படுத்தியபோது, இருந்தே ஆகவேண்டியவை என்று ஒரு வகையைத் தனியாக வைத்தார். அவை இருந்தால் திருப்தி கூடாது, இல்லாவிட்டால் அதிருப்தி எகிறும். குழாயில் தண்ணீர், விளக்கில் வெளிச்சம், கதவைத் திறக்கும் அட்டை எல்லாம் அந்த வகை. இவருக்கும் முன்பே, 1959-ல், வேலைத் திருப்தியைப் பற்றி எழுதிய ஹெர்ஸ்பெர்க், வேலையிடச் சூழல் போன்றவற்றைச் சுகாதாரக் காரணிகள் என்று அழைத்தார். சாக்கடை ஒழுங்காக ஓடினால் நோய் வராது, ஆனால் அதனால் உடம்பு புஷ்டியாகிவிடாது என்பது போன்ற பொருளில். பராமரிப்புத் தொழிலின் பெரும்பகுதி இந்த வகைக்குள்தான் விழுகிறது. இதன் விளைவு நேரடியானது. 5-க்கு 4 என்று கருத்துக்கணிப்பில் வந்தால், பயனர் மகிழ்ந்தார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அவர் கவனிக்கவே இல்லை என்பதாகவும் இருக்கலாம். அந்த 4, முதல் பெரிய கோளாறு வரும் நாளில் ஒரே இரவில் 2 ஆகிவிடும்.

நூறு சதவீதம் என்ற பொய்

திருப்தியின் உச்சவரம்பைப் பற்றியும் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் ஒப்பந்தப் பேச்சுகளில் இதை யாரும் எடுப்பதில்லை. அலுவலகங்களில் ஓயாத சண்டை ஏ.சி. பற்றியது. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபேங்கர் 1970-ல் வெளியிட்ட வெப்பச் சௌகரிய மாதிரியில், ஒரு அறையில் எத்தனை பேர் அதிருப்தி அடைவார்கள் என்று கணக்கிடும் ஒரு கோடு உண்டு. எல்லாம் மிகச் சரியாக அமைந்தாலும் அந்தக் கோடு 5 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. அதாவது எந்த வெப்பநிலையில் வைத்தாலும் இருபதில் ஒருவர் முகம் சுளிப்பார். ஏ.சி., காற்றோட்டம் பற்றிய பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரேயின் 55-ஆம் தரநிலை 80 சதவீதம் பேர் ஏற்றுக்கொண்டால் போதும் என்றே வைத்திருக்கிறது. அந்தத் தரநிலையே எட்டிப்பிடிக்க நினைக்காத 95 சதவீதத்தை ஒரு விற்பனைப் பிரதிநிதி சிரித்த முகத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார். அப்புறம் அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு ஓடுவது களத்தில் இருக்கும் சூப்பர்வைசர்.

கட்டடத்தின் பாவத்தைச் சுமப்பதும் அவர்தான். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கட்டடச் சூழல் ஆய்வு மையம் பல ஆண்டுகளாக அலுவலகப் பயனர்களிடம் கருத்துக் கேட்டு வருகிறது. அதில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்குவது சத்தமும், பக்கத்தில் பேசுவது காதில் விழும் தொல்லையும். திறந்தவெளி அலுவலகம் என்று முடிவெடுத்தவர் எப்போதோ போய்விட்டார். சுவர் எழுப்பும் அதிகாரம் பராமரிப்பு நிறுவனத்துக்கு இல்லை. ஆனால் அலுவலகச் சூழல் எப்படி என்ற கேள்விக்கு விழும் அடி அந்த நிறுவனத்தின் மதிப்பெண்ணில்தான் பதிவாகும். கட்டடத்தைப் பற்றிய கேள்வியையும் சேவையைப் பற்றிய கேள்வியையும் ஒரே படிவத்தில் கலந்து வைப்பது இந்தத் துறையில் நடக்கும் மிகச் சாதாரணமான தவறு.

அப்படியென்றால் பராமரிப்பு ஆளால் எதையுமே மாற்ற முடியாதா? முடியும். பிரிட்டனில் 1995 முதல் 2002 வரை, கட்டி முடித்துக் குடியேறிய கட்டடங்களுக்குத் திரும்பப் போய் அவை எப்படி இயங்குகின்றன என்று பார்த்த புரோப் ஆய்வுகள் இதற்கு நல்ல விடை தருகின்றன. அதில் ஈடுபட்ட ஏட்ரியன் லீமனும் பில் போர்டஸும் கவனித்தது இது: மனிதர்கள் கட்டடத்தின் குறைகளை மன்னிக்கத் தயாராக இருக்கிறார்கள். ஆனால் சூழலைத் தாங்களே கொஞ்சம் மாற்றிக்கொள்ள முடியவேண்டும். முடியாவிட்டால், சொன்னவுடன் யாராவது கவனிக்கவேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில்தான் சின்னக் குறைகூடப் பெரிய எரிச்சலாகிறது. முதலாவது கட்டட வடிவமைப்பாளர் கையில். இரண்டாவது முழுக்க முழுக்கப் பராமரிப்பு ஆள் கையில்.

கவனிப்பது என்றால் உடனே சரிசெய்வது என்று மட்டும் பொருளில்லை. டேவிட் மைஸ்டர் 1985-ல் வரிசையில் நிற்பதன் உளவியலைப் பற்றி எழுதினார். காரணம் சொல்லப்படாத காத்திருப்பு நீளமாகத் தோன்றும், எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பும் அப்படித்தான் என்றார். நின்றுபோன லிஃப்டின் கதவில் இரண்டு விதமாக எழுதி ஒட்டலாம். ஒன்று, "பழுது". இன்னொன்று, "காலை 10.40-க்கு நின்றது. கதவு சென்சாரில் கோளாறு. மெக்கானிக் வந்துகொண்டிருக்கிறார். மதியம் 2 மணிக்கு ஓடும் என்று எதிர்பார்க்கிறோம். அவசரத்துக்குச் சரக்கு லிஃப்ட் வடக்குப் பக்கம்." பழுதும் ஒன்று, பழுதுபார்க்கும் நேரமும் ஒன்று. படியேறி வருபவரின் வாயிலிருந்து வரும் வார்த்தை மட்டும் ஒன்றாக இருக்காது. இதற்குச் செலவு ஒரு தாள். ஆனாலும் பெரும்பாலான இடங்களில் "பழுது" தான் ஒட்டியிருக்கும்.

ஏன்? ஏனென்றால் ஒப்பந்தம் தாளை அளப்பதில்லை, நேரத்தை அளக்கிறது. அவசரக் கோளாறு என்றால் இத்தனை நிமிடத்தில் ஆள் போகவேண்டும், இத்தனை மணி நேரத்தில் முடிக்கவேண்டும், தவறினால் பில்லில் பிடித்தம் என்று எஸ்.எல்.ஏ., அதாவது சேவை அளவை வரையறுக்கும் உடன்பாடு, சொல்கிறது. பிடித்தம் என்று வந்தவுடன் கடிகாரத்தை நிறுத்தும் கலையும் சேர்ந்தே வந்துவிடுகிறது. உதிரிபாகம் வரவில்லை என்று டிக்கெட்டை, அதாவது புகார்ப் பதிவை, நிறுத்தி வைத்தால் கடிகாரம் நிற்கும். ஆள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாலே பதிலளித்ததாகக் கணக்கு. ஒரே கசிவுக்கு நான்கு தடவை டிக்கெட் போட்டால், நான்கும் நேரத்துக்குள் மூடப்பட்ட நான்கு வெற்றிகள். சொட்டுவது மட்டும் நிற்காது. துறையில் இதற்குத் தர்பூசணி அறிக்கை என்று கிண்டலாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். வெளியே பச்சை, வெட்டிப் பார்த்தால் சிவப்பு. மாதக் கூட்டத்தில் எல்லாக் கட்டமும் பச்சையாக ஒளிர, கூட்டம் நடக்கும் அறையின் ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டும் காட்சியைக் கற்பனை செய்யவே தேவையில்லை. முதல் முறையிலேயே சரியான வேலைகள் எத்தனை, அதே கோளாறு ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தது எத்தனை என்ற இரண்டு எண்களைக் கேட்டால் பழத்தின் உள்நிறம் தெரிந்துவிடும். டிக்கெட்டைப் பராமரிப்பு நிறுவனம் மூடக்கூடாது, புகார் சொன்னவரே மூடவேண்டும் என்று விதி வைத்தால் இன்னும் நல்லது.

புகார் குறைந்தால் கொண்டாடுவதும் ஆபத்து. சொல்லிப் பயனில்லை என்று ஓய்ந்துபோன மாடியிலிருந்தும் புகார் வராது.

விசுவாசமா, சிறைவாசமா?

திருப்தி கூடினால் விசுவாசம் கூடும், விசுவாசம் கூடினால் லாபம் கூடும் என்று ஒரு நேர்கோட்டைப் பாடப்புத்தகங்கள் வரைகின்றன. வாடிக்கையாளர் விலகலை 5 சதவீதம் குறைத்தால் லாபம் 25 முதல் 85 சதவீதம் வரை ஏறும் என்று 1990-ல் ரைக்கெல்டும் சாசரும் எழுதியது இன்றும் எல்லா விற்பனைக் கூட்டங்களிலும் ஓதப்படுகிறது. கிரெடிட் கார்டு போல ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருக்கும் தொழில்களுக்கு அது பொருந்தும். ஐந்து பெரிய ஒப்பந்தங்களை வைத்துப் பிழைக்கும் பராமரிப்பு நிறுவனத்துக்கு 5 சதவீத விலகல் என்று ஒன்று இல்லவே இல்லை. ஒருவர் போனால் போவது 20 சதவீதம். 2003-ல் ரைக்கெல்ட் பிரபலமாக்கிய அந்த ஒற்றைக் கேள்வியும் இங்கே விசித்திரமாகிவிடுகிறது. நண்பருக்கு எங்களைப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10 வரை மதிப்பிடுங்கள் என்று கணக்குப் பிரிவு ஊழியரிடம் கேட்டால் அவர் என்ன செய்வார்? எந்த நண்பரிடம் போய் இந்தத் தரை துடைக்கும் நிறுவனத்தைப் பற்றிப் பேசுவார்?

டிக், பாசு இருவரும் 1994-ல் விசுவாசத்தை இரண்டாகப் பிளந்தார்கள். மனதில் உள்ள மதிப்பு ஒன்று, திரும்பத் திரும்ப வாங்கும் பழக்கம் இன்னொன்று. இரண்டும் இருந்தால்தான் உண்மை விசுவாசம். பழக்கம் மட்டும் இருந்து மதிப்பு இல்லை என்றால் அது போலி. அடுத்த ஆண்டு ஜோன்ஸும் சாசரும் இன்னும் கடுமையாகச் சொன்னார்கள். போக வழியில்லாமல் தங்கியிருப்பவர்களுக்குப் பிணைக்கைதிகள் என்றே பெயரிட்டார்கள். பராமரிப்பு ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும்போது அதில் எவ்வளவு பங்கு பிணைக்கைதி விசுவாசம் என்று யோசிக்கவேண்டும். எந்த வால்வைத் திருகினால் எந்த மாடியில் தண்ணீர் நிற்கும் என்பது ஒரே ஒரு பழைய பிளம்பருக்குத்தான் தெரியும். இயந்திரங்களின் பட்டியல், பழுது வரலாறு, மென்பொருளின் கடவுச்சொல் எல்லாம் சேவை நிறுவனத்திடம். மாற்றினால் முதல் மூன்று மாதம் நரகம் என்று வாடிக்கையாளருக்குத் தெரியும். அதனால் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்தை வெற்றி என்று எண்ணும் நிறுவனம், புதிய மேலாளர் ஒருவர் வந்து "ஆவணங்களை முதலில் நம் கைக்கு வாங்குவோம்" என்று சொல்லும் நாளில் திகைத்துப்போகும்.

இதன் மறுபக்கமும் உண்டு. அரசு அமைப்புகளும் பல பெரிய நிறுவனங்களும் எவ்வளவு திருப்தியாக இருந்தாலும் காலக்கெடு முடிந்ததும் டெண்டர் விட்டே ஆகவேண்டும். நல்ல வேலை செய்தவர் சில ரூபாய் வித்தியாசத்தில் வெளியே போவார். அங்கே புதுப்பித்தலை வைத்து விசுவாசத்தை அளப்பதே தவறு. விசுவாசம் வேறு இடங்களில் தெரியும். தோட்டப் பராமரிப்பையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கூடுதல் வேலை தருவதில். இரண்டு நாள் தாமதத்துக்குப் பிடித்தம் போடும் உரிமை இருந்தும் போடாமல் விடுவதில். அடுத்த ஆண்டு இரண்டு மாடிகளைக் காலிசெய்யப் போகிறோம் என்ற செய்தியை ஒப்பந்தத்துக்கு அவசியமில்லாதபோதும் முன்கூட்டியே சொல்வதில். இன்னொரு நிறுவனம் விசாரித்தால் போனில் பத்து நிமிடம் நல்லதாகப் பேசுவதில்.

இவற்றில் எதுவும் பயனரின் கையில் இல்லை, எல்லாம் ஒப்பந்தம் போட்டவரின் கையில். பயனரின் திருப்தி ஒப்பந்தம் போட்டவரின் காதுக்குப் போனால்தான் அது விசுவாசமாக மாறும். தானாகப் போவது புகார் மட்டுமே. ஆகவே நடக்காமல் போன விபத்துகளை யாராவது எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. பம்பின் பேரிங் சத்தம் கூடியதைக் கவனித்து விடுமுறை நாளில் மாற்றினோம், மாற்றியிராவிட்டால் ஒரு வேலை நாள் முழுக்கத் தண்ணீர் இருந்திருக்காது என்று மாதக் கூட்டத்தில் கழற்றிய பேரிங்கையே மேசைமேல் வைத்துக் காட்டலாம். பெருமையடிப்பது போலக் கூச்சமாக இருக்கும். ஆனால் பார்க்கப்படாத வேலைக்கு வேறு சாட்சி கிடையாது. சில இடங்களில் இரவில் நடந்த துப்புரவைப் பகலுக்கு மாற்றுகிறார்கள். மின்சாரம் மிச்சம் என்பது ஒரு காரணம். வேலை செய்பவரைப் பார்த்த பிறகு அந்த இடத்தை மக்கள் கொஞ்சம் கவனமாகப் பயன்படுத்துவார்கள், குறையிருந்தால் நேரிலேயே சொல்லிவிடுவார்கள் என்பது இன்னொரு காரணம்.

அப்படி முகம் தெரிய ஆரம்பித்ததும் இன்னொன்று நடக்கிறது, அது நிறுவனங்களுக்கு அவ்வளவு வசதியானது அல்ல. ஹெஸ்கெட்டும் அவருடைய ஹார்வர்ட் சகாக்களும் 1994-ல் முன்வைத்த சேவை லாபச் சங்கிலி, ஊழியர் திருப்தியின் வழியாகத்தான் வாடிக்கையாளர் விசுவாசத்துக்கு வருகிறது. பராமரிப்பில் சங்கிலியின் அந்தக் கண்ணிதான் மிக மலிவாக விற்கப்படுவது. டெண்டரில் விலையைக் குறைக்க எளிய வழி ஆள் எண்ணிக்கையையும் சம்பளத்தையும் குறைப்பது. பயனர் பிரியம் வைத்திருப்பதோ அந்த ஆள்மீது, சட்டையில் தைத்திருக்கும் நிறுவனப் பெயர்மீது அல்ல. ஒப்பந்தம் கைமாறும்போது பல இடங்களில் அதே ஊழியர்கள் புதிய நிறுவனத்தில் சேர்ந்து, புதிய நிறச் சட்டையில் அதே மாடிக்கு வருகிறார்கள். பழைய நிறுவனம் ஐந்து வருடம் சேர்த்த நல்ல பெயர் அவர்களோடு சேர்ந்து அடுத்தவர் கைக்குப் போய்விடுகிறது. நிறுவனம் மாறப்போகிறது என்று மின்னஞ்சல் வரும் நாளில் மாடியில் உள்ளவர்கள் கேட்கும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "நம்ம மாடிக்கு வர்ற அக்கா இனிமேலும் வருவாங்கதானே?"